பைராடாவின் பாகா சிவப்பு ஒயின்: வாயெல்லாம் துவர்க்கிறதே, கூட என்ன சாப்பிடலாம்?

#1 லிஸ்பன் செந்தில்

வணக்கம் மக்களே. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் போர்ச்சுகீசியர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்து கொடுத்தார். லேபிளில் பைராடா, அதற்குக் கீழே பாகா, 2020 என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றைத் திறந்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சும்மா குடித்தேன். முதல் வாயிலேயே ஈறும் கன்னமும் ஒட்டிக்கொண்டன. புளிப்பு வேறு. இதுவரை தெற்குப் போர்ச்சுகலின் அலென்டேஜோ பகுதி ஒயின்தான் வாங்கிப் பழக்கம். அது நோகாமல் இறங்கும். இது சண்டைக்கு வருகிறது.

கொடுத்தவரிடம் கேட்டால் "சாப்பாட்டோடு குடிக்கணும்" என்று சிரிக்கிறார். எந்தச் சாப்பாடு? இரண்டாவது பாட்டிலை இன்னும் தொடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வைகைக்கரை பாண்டி

தொடாத பாட்டிலை மதுரைக்கு அனுப்பிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

#3 கோயிம்ப்ரா கதிர்

செந்தில் தம்பி, உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல சரக்கு. குடித்த விதம்தான் அதற்கு ஒத்துவராது.

பைராடா என்பது கோயிம்ப்ராவுக்கும் அவெய்ருவுக்கும் இடையில் இருக்கும் பகுதி. அட்லாண்டிக் கடல் பக்கத்திலேயே. களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலம், நல்ல மழை. பாகாதான் அந்த ஊரின் சிவப்புத் திராட்சை. மணி சின்னது, சாற்றுக்குத் தோல் அதிகம், அதனால் துவர்ப்பும் அதிகம். பழுக்கவும் நேரமெடுக்கும். அது பழுப்பதற்குள் செப்டம்பர், அக்டோபர் மழை வந்துவிட்டால் குலையோடு அழுகும். பயந்து முன்னாடியே பறித்தால் பச்சைத் துவர்ப்பு, காத்திருந்தால் அழுகல் பயம். அந்த ஊர் விவசாயிக்கு வருஷா வருஷம் இதே தலைவலி. போதாததற்கு அந்தக் காலத்தில் காம்பை நீக்காமல் குலையோடு கல்தொட்டியில் போட்டு மிதித்துப் புளிக்க வைப்பார்கள். காம்பின் துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். பத்துப் பதினைந்து வருஷம் பாட்டிலில் கிடந்தால்தான் வாயில் வைக்கலாம் என்று சொல்லப்பட்டதற்கு அதுதான் காரணம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கொழுப்பு. முதல் பதிலும் கடைசிப் பதிலும் அதுதான். பைராடாவில் அந்தக் கொழுப்புக்குப் பெயர் லெய்த்தாவ், பால் குடிக்கும் பன்றிக்குட்டியை முழுசாகச் சுடுவது. அதன் தலைநகரம் மெயல்யாடா. லிஸ்பனிலிருந்து போர்ட்டோ போகும் பழைய நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக லெய்த்தாவ் கடைகள்தான்.

குட்டிக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வயது இருக்கும். பூண்டு, கல்லுப்பு, மிளகு, பன்றிக்கொழுப்பு எல்லாவற்றையும் இடித்து விழுதாக்கி வயிற்றுக்குள் தடவித் தைத்துவிடுவார்கள். அப்புறம் நீளமான கம்பியில் கோத்து, விறகு எரித்துத் தணலாக்கிய செங்கல் அடுப்புக்குள் விட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும். நடுவில் வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிட்டு மறுபடி உள்ளே தள்ளுகிறார்கள். பன்றிக்குச் சளி பிடிக்க வைக்கிறோம் என்று அதற்குப் பெயர். தோல் கண்ணாடி மாதிரி நொறுங்குவது அதனால்தான் என்கிறார்கள். உள்ளே கறி வெண்ணெயாக இருக்கும், விழுதோடு கலந்த மிளகு ரசம் கீழே வடிந்து நிற்கும். தட்டில் வைக்கும்போது ஆரஞ்சுத் துண்டும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் கூட வரும்.

அந்தத் தோலைக் கடித்துவிட்டு இந்த ஒயினை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கொழுப்பைப் புளிப்பு அறுத்துவிடும், துவர்ப்பு போன இடம் தெரியாது.

#4 லிஸ்பன் செந்தில்

கதிர் அண்ணா, படிக்கும்போதே பசிக்கிறது. ஆனால் கேள்வி: லிஸ்பனில் இருந்துகொண்டு மெயல்யாடா போகாமல் ஆகாதா?

#5 கோயிம்ப்ரா கதிர்

சிந்த்ரா பக்கம் நெக்ராய்ஷ் என்று ஒரு ஊர். அங்கேயும் லெய்த்தாவுக்குப் பெயர் உண்டு, உங்களுக்குப் பக்கம். பாணி கொஞ்சம் வேறு, கொழுப்பும் மிளகும் அதேதான். சூப்பர் மார்க்கெட்டில் ஆறிப்போனதை எடைபோட்டு விற்பார்கள். அதை மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், தோல் ரப்பராகிவிடும். நல்ல சூடான ஓவனில் தோல் மேலே இருக்கும்படி வையுங்கள்.

#6 புதுவை ரெமி

உணவக சமையலறையில் இருப்பவன் என்ற முறையில் ஏன் இது வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். துவர்ப்புக்குக் காரணம் டானின். அது நம் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்புப் போய் வாய் காயும். தட்டில் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானினுக்கு ஒட்டிக்கொள்ள வேறு ஆள் கிடைத்துவிடும், எச்சில் தப்பிக்கும். கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதே கதை.

உப்பும் உதவும், கசப்பைத் தணிக்கும். காரம் நேர் எதிர். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். இனிப்பும் ஆகாது. தட்டில் இனிப்புச் சாஸ் இருந்தால் ஒயின் வெறும் புளியாகிவிடும்.

லெய்த்தாவ் விஷயத்தில் கதிர் சாரோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. அந்த ஊர்க்காரர்களே அதற்குச் சிவப்பு ஒயின் குடிப்பதில்லையே? பைராடாவில் எந்த மேசையைப் பார்த்தாலும் நுரை ஒயின்தானே நிற்கிறது?

#7 கோயிம்ப்ரா கதிர்

ரெமி, நீங்கள் சொல்வது வாஸ்தவம். மெயல்யாடாவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் பத்து மேசையில் ஏழெட்டில் நுரை ஒயின் இருக்கும். போர்ச்சுகலின் நுரை ஒயினில் பெரும்பங்கு இந்தப் பகுதியிலிருந்துதான் வருகிறது. 1890-ல் அனாடியாவில் இருந்த திராட்சைப் பள்ளியில் தவாரெஸ் ட சில்வா என்பவர், ஷாம்பேனில் செய்கிற மாதிரி பாட்டிலிலேயே இரண்டாம் தடவை புளிக்க வைத்து ஆரம்பித்தார். கொழுப்புக்குக் குமிழியும் புளிப்பும் பொருந்தும், மறுக்கவில்லை.

ஆனால் அந்த நுரை ஒயினிலேயே பாகாவில் செய்த சிவப்பும் உண்டு. அடர்சிவப்பாக, நுரை பொங்க, லேசாகத் துவர்த்துக்கொண்டு. அந்த ஊர்ப் பெரியவர்கள் பலர் லெய்த்தாவுக்கு அதைத்தான் கேட்பார்கள். சில்லென்று பரிமாறுவார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு இது என்னடா கோலி சோடா என்று தோன்றும். இரண்டாவது கவளத்தில் புரியும்.

என் முடிவு: இளசான, முறுக்கான பாகா என்றால் லெய்த்தாவுக்கு நுரை ஒயின் தேவலை. பத்து வருஷம் தாண்டிய பாகா கிடைத்தால் நுரை ஒயினை ஓரமாக வைத்துவிடலாம்.

#8 புதுவை ரெமி

அப்படியானால் 2020-க்கு லெய்த்தாவ் முதல் பதில் இல்லை. உங்கள் தீர்ப்புப்படியே.

#9 கோயிம்ப்ரா கதிர்

அகப்பட்டுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். இளசுக்கு வேறு ஒன்று வைத்திருக்கிறேன்: ஷன்ஃபானா.

கிழட்டு ஆடு. வெள்ளாடுதான், குட்டி போட்டு, பால் கொடுத்து ஓய்ந்தது. அதைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கறுப்பு மண்சட்டியில் அடுக்கி, பூண்டு, பிரிஞ்சி இலை, பன்றிக்கொழுப்பு, சிவப்பு மிளகாய்ப் பொடி (காரமில்லாத வகை) எல்லாம் போட்டு, கறி முங்கும் அளவுக்குச் சிவப்பு ஒயின் ஊற்றுவார்கள். தண்ணீர் சொட்டுக்கூடக் கிடையாது. ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்புக்குள் சட்டியை வைத்து மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மணிக்கணக்கில் வெந்து, சாறு கறுத்து, கெட்டியாக, கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றுவிடும். வேகவைத்த உருளைக்கிழங்கும் கீரையும் தொட்டுக்கொள்ள. அடுத்த நாள் இன்னும் ருசி, இது நம் ஊர்க் கறிக்குழம்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிம்ப்ராவுக்குக் கிழக்கே மிராண்டா டு கோர்வு, விலா நோவா டெ பொயாரெஸ், லோசா இந்த ஊர்களெல்லாம் ஷன்ஃபானா எங்களுடையது என்று அடித்துக்கொள்ளும். பிரெஞ்சுப் படையெடுப்பு நேரத்தில் செமிட் மடத்துக் கன்னியர்கள், எதிரி கையில் சிக்குவதற்கு முன் ஆடுகளை வெட்டி ஒயினில் வேகவைத்தார்கள், தண்ணீரில் விஷம் கலந்திருந்தது என்றெல்லாம் கதை சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். பக்கத்துப் புசாகு மலையில் 1810 செப்டம்பர் 27 அன்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரெஞ்சுப் படையை அடித்தது மட்டும் வரலாறு.

இந்தச் சட்டிக்குள் போகும் ஒயினும் கோப்பைக்குள் போகும் ஒயினும் ஒரே ஜாதியாக இருப்பதால் சண்டை வராது. ஆட்டின் பசை, எலும்புச் சாறு, கொழுப்பு எல்லாம் இளம் பாகாவின் முறுக்கைத் தின்றுவிடும்.

#10 வைகைக்கரை பாண்டி

கிழட்டு ஆடு என்றதும் பின்வாங்கலாம் என்று பார்த்தேன், ஒயினில் வேகிறது என்றதும் திரும்பி வந்துவிட்டேன். அப்படியே நம்ம மட்டன் சுக்காவுக்கு இந்த ஒயின் வைத்தால்?

#11 புதுவை ரெமி

பாண்டி, மதுரைக் காரத்தில் செய்தால் வேண்டாம். வாயில் தீ வைத்த மாதிரி இருக்கும். மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்டு, சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டுச் சுருள வதக்கினால் நன்றாகவே போகும். மிளகுக் காரம் வேறு மாதிரி, லெய்த்தாவிலேயே மிளகு தூக்கலாகத்தானே இருக்கிறது. அந்த மிளகைத் தேடித்தானே அவர்கள் 1498-ல் மலபாருக்கே வந்தார்கள். தக்காளியை மட்டும் குறைத்துவிடுங்கள், ஒயினில் இருக்கும் புளிப்பே போதும்.

#12 டொராண்டோ தயா

எல்லாரும் இறைச்சியையே கதைக்கிறீர்கள். மீனுக்குச் சிவப்பு வைன் ஆகாது என்பது போர்த்துக்கேயரிடம் செல்லாது. எங்கட ஊரில் டண்டாஸ் வீதி மேற்கில் போர்த்துக்கேயக் கடைகள் நிறைய. கடைக்குள் போனாலே உப்புக்கண்டம் போட்ட கொட் மீன் பலகை பலகையாக அடுக்கியிருக்கும், வாசம் எனக்கு ஊர்க் கருவாட்டுக்கடை வாசம். அதை ஒன்றிரண்டு நாள் தண்ணி மாற்றி மாற்றி ஊறவைத்து, ஒலிவ் எண்ணெயில் முழுக, உள்ளி போட்டு ஓவனில் வேகவைப்பார்கள். பக்கத்தில் தோலோடு அவித்துக் கையால் அமத்தி உடைத்த உருளைக்கிழங்கு. பக்கல்யாவ் லகரெய்ரு என்பார்கள். கடைக்கார அம்மாவிடம் வெள்ளை வைன் எதைக் கொண்டுபோகலாம் என்று கேட்டதற்கு, வெள்ளையா என்று என்னை மேலும் கீழும் பார்த்தா. பக்கல்யாவுக்குச் சிவப்புத்தானாம்.

பைராடா போத்தல் ஒன்று வாங்கிச் செய்து பார்த்தேன். சரியான பொருத்தம். ஒலிவ் எண்ணெய்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

#13 புதுவை ரெமி

தயா அக்கா, எண்ணெய் பாதிக் காரணம். மீதிப் பாதி மீன் வகை. சிவப்பு ஒயின் மீனோடு சேர்ந்து கவிச்சையாகத் தெரிவதற்கு ஒயினில் உள்ள இரும்புச் சத்து முக்கியக் காரணம் என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மீனின் கொழுப்போடு சேர்ந்துதான் அந்த நாற்றத்தைக் கிளப்பும். கொட் மீனுக்குக் கொழுப்பெல்லாம் ஈரலில், சதையில் ரொம்பக் குறைவு. அதனால் தப்பிக்கிறது. உப்பில் கிடந்து இறுகிய சதை, கறி மாதிரிக் கடிபடும். மத்தி அப்படியில்லை, உடம்பெல்லாம் எண்ணெய். மத்தியோடு பாகா குடித்தால் வாயில் இரும்பு ஆணியைச் சப்பின ருசி வர வாய்ப்பு அதிகம்.

#14 லிஸ்பன் செந்தில்

ஜூன் மாதம் சாந்து அந்தோனியு திருவிழாவில் லிஸ்பன் தெருவெல்லாம் மத்தி சுடுகிறார்கள், கையில் சிவப்பு ஒயின் பிளாஸ்டிக் தம்ளரோடு நிற்கிறார்களே செஃப்?

#15 புதுவை ரெமி

திருவிழாவில் யார் ருசி பார்க்கிறார்கள் தம்பி. ஆனால் மத்தியைத் தடி ரொட்டி மேல் வைத்துச் சாப்பிடுவதால் எண்ணெயை ரொட்டி உறிஞ்சிவிடும், ஒயினும் லேசான ரகமாக இருக்கும். பாகாவை அங்கே கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான்.

#16 சைவத் தட்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கறி, மீன் தொடாதவர்களுக்கு இந்த ஒயினால் பயன் உண்டா, இல்லை நாங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா? பால் பொருள் சாப்பிடுவேன்.

#17 கோயிம்ப்ரா கதிர்

உண்டு. சீஸில் ஆரம்பிக்கலாம். இங்கே எல்லாரும் முதலில் நீட்டுவது செர்ரா ட எஷ்ட்ரேலா, செம்மறிப்பாலில் செய்வது. கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் விலங்கு உறைக்குப் பதிலாக ஒரு முட்செடிப் பூவை ஊறவைத்துப் பாலைத் திரிப்பார்கள், உங்களுக்கு அது ஒரு கூடுதல் நிம்மதி. மேல் தோலை வெட்டிவிட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் அளவுக்கு உருகி இருக்கும். ஆனால் அந்தப் பூவால் லேசான கசப்பு இருக்கும். இளம் பாகாவின் துவர்ப்போடு சேர்ந்தால் கசப்பு தூக்கலாகிவிடும். பழைய பாகாவுக்கு வையுங்கள். இளசுக்கு அசோர்ஸ் தீவின் சாவ் ஜோர்ஜ் மாதிரி கெட்டியான, பல மாதம் பழுத்த சீஸ் நல்லது. உப்பும் கொழுப்பும் சேர்ந்து டானினைச் சமாளித்துவிடும். ஆனால் அது பசும்பால் சீஸ். உறை எதில் போட்டது என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

#18 புதுவை ரெமி

சமைத்துச் சாப்பிட வேண்டுமானால் காளான். பெரிய காளானை ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு கரகரவென்று நிறம் மாறும்வரை வதக்கி, வெண்ணெய் ஒரு கட்டி போட்டு இறக்குங்கள். வெள்ளை மொச்சை, பெரிய பீன்ஸ் வகைகளை எண்ணெய் தாராளமாக விட்டுக் குழைய வேகவைத்தாலும் போகும். கத்தரிக்காயைத் தணலில் சுட்டால் அருமை. பச்சைக் காய்கறி சாலட், வினிகர் போட்டது எதுவும் வேண்டாம்.

#19 வைகைக்கரை பாண்டி

டாஸ்மாக்கில் கேட்டால் கிடைக்குமா?

#20 நெறியாளர்

பாண்டி அவர்களே, விலை, கடை விசாரணைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சாப்பாட்டோடு நிறுத்துவோம்.

#21 லிஸ்பன் செந்தில்

இரண்டு சந்தேகம். ஒன்று, இன்னும் வாங்கலாம் என்றால் லேபிளில் எதைப் பார்ப்பது? இரண்டு, இவ்வளவு வம்பு பிடித்த திராட்சையை ஏன் இன்னும் கட்டி அழுகிறார்கள்?

#22 கோயிம்ப்ரா கதிர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், எனக்கு அதுதான் பிடித்த கதை.

கைவிடப் பார்த்தவர்களும் உண்டு. 1756-ல் போர்ச்சுகல் அமைச்சர் போம்பால் பிரபு, போர்ட் ஒயின் விளையும் டோரோ பள்ளத்தாக்குக்கு எல்லை போட்டு, போர்ட் ஒயினைப் பாதுகாக்கக் கம்பெனி அமைத்தார். பைராடாவின் கறுத்த ஒயினை வாங்கிப் போர்ட்டில் கலக்கிறார்கள் என்பது புகார். விளைவு, பைராடாவில் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு. அதையும் தாண்டி மறுபடி நட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் பாகாவில் பெரும்பகுதி ரோஸ் ஒயினுக்குப் போனது. உலகமெல்லாம் தட்டையான பாட்டிலில் விற்ற மாத்தேயுஸ் ரோஸுக்குள்ளும் பாகா இருந்தது. யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1979-ல் பைராடாவுக்கு அதிகாரப்பூர்வ எல்லை கிடைத்தது.

1980-ல் முதல் ஒயினை எடுத்த லூயிஸ் பாட்டோ என்பவர்தான் ஆட்டத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர். காம்பை நீக்கினார். கொடியில் குலைகளைக் குறைத்தார். ஒரு பங்கைச் சீக்கிரமே பறித்து நுரை ஒயினுக்கு அனுப்பிவிட்டால் மீதிக் குலை சீக்கிரம் பழுக்கும், மழைக்கு முன் அறுத்துவிடலாம். மணல் நிலத்தில் ஒட்டுக் கட்டாத கொடி நட்டும் ஒயின் எடுத்தார். மகள் ஃபிலிப்பா பாட்டோ இப்போது தனியாக, இன்னும் மென்மையான கையோடு பாகா செய்கிறார். பாஜெய்ராஸ் பண்ணைக்காரர்கள் இன்னொரு பக்கம், காம்போடு தொட்டியில் புளிக்க வைக்கும் பழைய முறையை விடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே திராட்சை என்று நம்ப மாட்டீர்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் பழைய முறைதான். மென்மையான பாகா வேண்டுமென்றால் அதற்கு எத்தனையோ வேறு திராட்சை இருக்கிறது.

லேபிள் விஷயம்: 2003-க்குப் பிறகு பைராடா என்ற பெயரில் கேபர்னே, மெர்லோ, சிரா மாதிரி வேறு திராட்சையெல்லாம் வரலாம். அதனால் பைராடா என்று மட்டும் பார்த்து வாங்கினால் பாகா உள்ளே இருக்கும் என்று உத்தரவாதமில்லை. பாகா என்று எழுதியிருக்க வேண்டும், அல்லது கிளாசிகோ என்று இருந்தால் பாதியாவது பாகா. கர்ராஃபெய்ரா என்றால் குறைந்தது 30 மாதம் வைத்திருந்து வெளியே விட்டது, அதில் 12 மாதம் பாட்டிலில்.

#23 டொராண்டோ தயா

கதிர், புசாகு அரண்மனை ஹோட்டல் வைனும் பாகாதானே? ஒருவர் கொண்டுவந்து காட்டினார், திறக்க விடவில்லை.

#24 கோயிம்ப்ரா கதிர்

பாதி. பைராடாவின் பாகாவும் பக்கத்து டாவ் பகுதியின் தோரிகா நாசியோனல் திராட்சையும் கலந்தது. அந்தக் காட்டு மாளிகை அரச குடும்பத்துக்காகக் கட்டினது, 1917-லிருந்து ஹோட்டல். நிலவறையில் பல பத்தாண்டுப் பழைய பாட்டில்கள் தூசியோடு கிடக்கின்றன. அந்த வயதில் துவர்ப்பெல்லாம் கரைந்து, காய்ந்த இலை, தேவதாரு வாசமாக மாறியிருக்கும். திறக்க விடாத அந்த நண்பரை எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

#25 புதுவை ரெமி

செந்தில், கடைசியாக நடைமுறைக்கு. சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு திறந்து அகலமான ஜாடியில் ஊற்றி வையுங்கள். 16-லிருந்து 18 டிகிரி. உங்கள் ஊர் ஆகஸ்ட் வெயிலில் அறை வெப்பம் என்று சொல்லி மேசையில் வைத்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் குளிர்ந்தால் துவர்ப்பு இன்னும் கூடும். நீங்கள் வெள்ளிக்கிழமை குடித்தது எந்தச் சூட்டில்?

#26 லிஸ்பன் செந்தில்

ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கோப்பைக்கு.

#27 வைகைக்கரை பாண்டி

அதுதான் சண்டைக்கு வந்திருக்கிறது.

#28 லிஸ்பன் செந்தில்

மீதி அரைப் பாட்டிலை இன்று வெளியே எடுத்து வைத்தேன். வீட்டில் இருந்தது ஆட்டுக்கால் மட்டும். மிளகாய் சேர்க்காமல், பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு அந்த ஒயினில் பாதியை ஊற்றிக் குக்கரில் வைத்தேன். சத்தம் கணக்குப் பார்க்கவில்லை, சிறுதீயில் ரொம்ப நேரம் விட்டுவிட்டேன். சாறு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிட்டது. மீதி ஒயினைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டேன். புளிப்பு இருக்கிறது, துவர்ப்பு எங்கேயோ பின்னால் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி குடித்தது இதுதானா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணா, கடைசிக் கோப்பையில் அடியில் மண் மாதிரி என்னமோ தங்குகிறதே?

#29 கோயிம்ப்ரா கதிர்

வண்டல். டானினும் நிறமும் சேர்ந்து அடியில் படிவது. கெடுதல் இல்லை, பல்லில் நறநறக்கும். இரண்டாவது பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட்டு, கழுத்து வரும்போது ஊற்றுவதை நிறுத்துங்கள். அந்த மிச்சத்தை அடுத்த ஆட்டுக்காலுக்கு வடிகட்டி ஊற்றுங்கள்.